சாவா மூவா கெர்னல்



போன பதிவில் சீட்டு கம்பெனிகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கம்ப்யூட்டர். "பி.காம் படிக்கிறவனுக்கு கெர்னலோட என்ன வேலை?" என்று கிளாஸில் நிச்சயம் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்ல வருவது ஒரு ஏ.எம்.சி. கதை. பில் போடுகிறவர், பில் கட்டுகிறவர், சீலை உடைத்தவர் என்று நமக்குத் தெரிந்த ஆட்கள்தான் இதில் வருகிறார்கள்.

ஏ.எம்.சி. என்றால் என்ன என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. கடையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது. வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால், ரிப்பேர் ஆகும்போது ஆள் வருவார். ஒரே ஒரு நிபந்தனை, வெளி ஆளை விட்டுக் கழற்றக் கூடாது. கழற்றினால் "சார், இது கவர் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 2000களில் சர்வர் வைத்திருந்த கம்பெனிகளில் பல, இந்த ஒரு வரிக்கும் தங்கள் தேவைக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. எப்படி மாட்டின, எப்படி வெளியே வந்தன என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் நம்ம ஊர் விஷயம் ஒன்று. கங்கைகொண்ட சோழபுரத்துக்காரனுக்குக் கல்வெட்டு இல்லாமல் எழுத வராது :-)

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால் 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். ஆடுகளை வாங்கிக்கொள்ளும் இடையர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கு வரிசை வரிசையாக இருக்கிறது. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வைத்திருக்கும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு! நிஜ ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும். ஆனால் ஒப்பந்தத்தில் 96 என்றால் என்றைக்கும் 96 தான். மந்தைக்குள் எந்த ஆட்டை மாற்றினாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். விளக்கு அணையக் கூடாது, அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ரெட்ஹேட் கம்பெனிக்கு வருவோம். லினக்ஸ் இலவசம் என்று எல்லோரும் சொல்வார்கள். ரெட்ஹேட் 2002ல் நிறுவனங்களுக்கென்று தனியாக ஒரு லினக்ஸ் கொண்டுவந்தது. அதுதான் பின்னால் ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், சுருக்கமாக ஆர்.எச்.இ.எல். மூல நிரல் யாருக்கும் கிடைக்கும். அப்படியானால் எதற்குக் காசு? வருஷச் சந்தாவுக்கு. அதாவது பொறுப்புக்கு. ஏதாவது உடைந்தால் நாங்கள் சரிசெய்கிறோம் என்ற காகிதத்துக்கு.

அந்தக் காகிதம் எதன்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அது கெர்னல் மேல். கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு. மெமரி யாருக்கு எவ்வளவு, பிராசஸர் யாருக்கு எப்போது, டிஸ்கில் யார் எழுதலாம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். மற்ற சாப்ட்வேர் எல்லாம் அதனிடம் மனு போட்டு வாங்கிக்கொள்பவை.

ஆர்.எச்.இ.எல். 5 வெளிவந்தது 2007 மார்ச்சில். அதிலிருந்த கெர்னலின் எண் 2.6.18. வழக்கமான ஆதரவு முடிந்தது 2017 மார்ச்சில். அன்றைக்கும் எண் 2.6.18 தான்! வெளியுலகில் லினக்ஸ் கெர்னல் அதற்குள் 4.10க்குப் போய்விட்டது. புதிய கெர்னல்களில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களையும் டிரைவர்களையும் ரெட்ஹேட் ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய கெர்னலுக்குள் தைத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே ஆடு மாறிக்கொண்டே இருக்கிறது, வெளியே 96 அப்படியே நிற்கிறது. ஆரக்கிள் டேட்டாபேஸ், பேக்கப் சாப்ட்வேர், ஸ்டோரேஜ் டிரைவர் விற்கிறவர்கள் எல்லோரும் "ஆர்.எச்.இ.எல். 5ல் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறோம்" என்று சொல்ல முடிந்தது இதனால்தான். அந்தச் சான்றிதழ்கள்தான் பெரிய கம்பெனிகளுக்கு வேண்டியிருந்தது. கெர்னல் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நம் மாநிலத்திலும் இதே மனநிலையைப் பார்க்கலாம். 2007 வாக்கில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, லினக்ஸுக்கு மாறியது. எடுத்துக்கொண்டது நோவெல் கம்பெனியின் சூசே லினக்ஸ். இலவச மென்பொருள் வேண்டும், ஆனால் பின்னால் ஒரு கம்பெனியின் பெயரும் வேண்டும். அரசாங்கக் கொள்முதலில் கோப்பில் யாருடைய கையெழுத்தாவது இருந்தாக வேண்டுமே.

நீங்களே கெர்னலை மாற்றினால்? லினக்ஸ் உரிமம் அதைத் தாராளமாக அனுமதிக்கிறது. ஆனால் ஆதரவு ஒப்பந்தம் உங்களோடு வராது. எங்கள் கெர்னலை பூட் பண்ணி அதே கோளாறு வருகிறதா என்று காட்டுங்கள், அப்புறம் பார்க்கிறோம் என்பார்கள். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இதற்கு ஒரு அடையாளமும் இருக்கிறது. மூல நிரல் வெளியிடப்படாத மாட்யூல் ஏதாவது ஏற்றினால் கெர்னல் தன் மேல் ஒரு கறையைக் குறித்துக்கொள்ளும். மறுபடி பூட் செய்யும்வரை அந்தக் கறை போகாது. கோளாறு அறிக்கை அனுப்பினால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சரி, யாருக்குக் கெர்னலை மாற்ற வேண்டிய அவசியம் வந்தது? ஒரு சர்வரைப் பல சர்வராக்க நினைத்தவர்களுக்கு.

ஒரு மெஷினைப் பல மெஷின்கள் போலக் காட்டும் வித்தை புதிது இல்லை. ஐ.பி.எம். அதை 1960களிலேயே தன் பெரிய மெயின்பிரேம்களில் செய்துவிட்டது. 1972ல் விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கே கொடுத்தது. ஆனால் நம் மேஜையில் இருக்கும் இன்டெல் வகைப் பிராசஸரில் அது சுலபமாக வரவில்லை. உள்ளே ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் "நான்தான் முதலாளி" என்று நினைத்துச் செய்யும் ஒவ்வொரு அதிகார வேலையையும் மேலிருப்பவர் மடக்கிப் பிடிக்க வேண்டும். பென்டியத்தில் அப்படி மடக்க முடியாமல் நழுவும் கட்டளைகள் 17 இருப்பதாக ராபின், இர்வின் என்ற இருவர் 2000ல் ஒரு கட்டுரையில் கணக்கெடுத்துக் காட்டினார்கள். விஎம்வேர் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து ஓட்டியது. அருமையான வேலை, ஆனால் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயன் பிராட் குழு 2003ல் வேறு வழி காட்டியது. அதுதான் ஜென். பிராசஸரை ஏமாற்றுவதற்குப் பதிலாக உள்ளே ஓடும் கெர்னலிடமே உண்மையைச் சொல்லிவிடுவது. "தம்பி, நீ முதலாளி இல்லை. அதிகார வேலை வந்தால் என்னைக் கேள்." இதற்குக் கெர்னலை மாற்றி எழுத வேண்டும். மேலாண்மை செய்யும் கெர்னலையும் மாற்ற வேண்டும், உள்ளே ஓடும் கெர்னலையும் மாற்ற வேண்டும். வேகம் பிரமாதமாக வந்தது. விலை பூஜ்யம். ஆனால் சீல் உடைந்துவிட்டது.

இன்னொரு கூட்டம் இன்னும் சிக்கனமாக யோசித்தது. எதற்குப் பல கெர்னல்? ஒரே கெர்னல் போதும், அதற்குள் சுவர் எழுப்பினால் ஒவ்வொரு அறையும் தனி சர்வர் மாதிரி தெரியுமே! இதுதான் எஸ்டபிள்யூசாப்ட் கம்பெனியின் விர்டுவோசோ. அதன் அடித்தளத்தை 2005ல் ஓபன்விஇசட் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார்கள். ஒரு மெஷினில் பல டஜன் 'சர்வர்' வைத்து மாசம் சில டாலருக்கு விற்கலாம். மலிவு விலை வி.பி.எஸ். வியாபாரம் பெருகியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஓபன்விஇசட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதன் கணக்குப்புத்தகம். ஒவ்வொரு அறையும் எவ்வளவு மெமரி எடுத்தது என்று கெர்னல் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலின் பெயர் 'யூசர் பீன்கவுண்டர்ஸ்'. பீன்கவுண்டர் என்றால் ஆங்கிலத்தில் கணக்குப்பிள்ளைகளைக் கேலி செய்யும் சொல். பயறு எண்ணுகிறவன் என்று அர்த்தம். நம்மைத்தான் சொல்கிறார்கள்! அந்தப் பட்டியலின் பத்திகளைப் பாருங்கள். இப்போது வைத்திருப்பது, இதுவரை அதிகபட்சமாக வைத்திருந்தது, எச்சரிக்கைக் கோடு, உச்சவரம்பு, கடைசியாக 'எத்தனை தடவை கேட்டுக் கிடைக்காமல் போனது'. பட்ஜெட் கண்ட்ரோல் பேப்பரில் வரும் அட்டவணை போலவே இல்லை? மலிவு வி.பி.எஸ். வாங்கினவர்களுக்கு அந்தக் கடைசிப் பத்திதான் ஜாதகம். அதில் எண் ஏறினால், உங்கள் டேட்டாபேஸ் காரணம் சொல்லாமல் சாவது ஏன் என்று தெரிந்துவிடும்.

சரி, அந்தக் கெர்னலை எங்கிருந்து எடுத்தார்கள்? பெரும்பாலானோர் பயன்படுத்திய ஓபன்விஇசட் கெர்னல், ரெட்ஹேட்டின் எண்டர்பிரைஸ் கெர்னலை அடியாக வைத்து அதன் மேல் தைத்தது. முதலில் 2.6.18, பிறகு ஆர்.எச்.இ.எல். 6ன் 2.6.32. பத்து வருஷத் திருத்தம் அங்கே தயாராகக் கிடைக்கும்போது வேறு எதற்குப் போக வேண்டும்? ஆக, ரெட்ஹேட் மந்தையின் ஆட்டை வாங்கித் தன் பட்டியில் கட்டிக்கொண்டது ஓபன்விஇசட். உரிமப்படி முழுக்கச் சரி. ஆனால் அந்த ஆடு கோயில் கணக்கில் வராது.

ஹோஸ்டிங் கம்பெனிகள் இதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அவர்களில் பலர் ரெட்ஹேட்டுக்குச் சந்தா கட்டவே இல்லை. 2004ல் வந்த சென்ட்ஓஎஸ் இருந்தது. ரெட்ஹேட்டின் மூல நிரலை எடுத்து, பெயரையும் படத்தையும் நீக்கி, திரும்பக் கட்டித் தரும் இலவச லினக்ஸ். சென்ட்ஓஎஸ் மேல் ஓபன்விஇசட் அல்லது ஜென் கெர்னல், அதன் மேல் ஒரு கன்ட்ரோல் பேனல். இதுதான் அன்றைய ஃபார்முலா.

நம் பாடத்தில் கண்டிஞ்சன்ட் லயபிலிட்டி படித்திருக்கிறோம். இன்றைக்குப் பாலன்ஸ் ஷீட்டுக்குள் வராது, ஆனால் ஒரு சம்பவம் நடந்தால் முழுசாக வந்து தலையில் விழும். இந்த ஃபார்முலாவில் அது எவ்வளவு இருந்தது என்பது 2009 ஜூனில் தெரிந்தது.

அந்தக் கன்ட்ரோல் பேனல்களில் பிரபலமான ஒன்று ஹைப்பர்விஎம். ஜென், ஓபன்விஇசட் இரண்டையும் ஒரே திரையிலிருந்து ஆளலாம். செய்தது எல்எக்ஸ்லேப்ஸ், பெங்களூரில் இருந்த சின்னக் கம்பெனி. உலகம் முழுக்க மலிவு ஹோஸ்டிங் நடத்தியவர்கள் அதை வைத்திருந்தார்கள். 2009 ஜூன் முதல் வாரக் கடைசியில் பிரிட்டனைச் சேர்ந்த விஏசர்வ் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர்களுக்குள் யாரோ நுழைந்து அழித்துவிட்டார்கள். ஏறக்குறைய 1 லட்சம் இணையதளங்கள் பாதிக்கப்பட்டதாக அன்று செய்தி வந்தது. அந்த வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வாங்கியிருந்தது பேக்கப் இல்லாத மலிவுத் திட்டம். ஹைப்பர்விஎம்மில் இருந்த ஓட்டை வழியாகத்தான் வந்தார்கள் என்று விஏசர்வ் சொன்னது. இல்லை, பாஸ்வேர்டு பலவீனம்தான் காரணம் என்று உள்ளே நுழைந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் பெயர் போடாமல் எழுதினார்.

அதே நேரத்தில், ஜூன் 8 அன்று, எல்எக்ஸ்லேப்ஸின் நிறுவனர் இறந்துபோனார். இளைஞர். இரண்டு செய்திகளையும் ஒரே வாக்கியத்தில் கோர்த்துப் பலர் எழுதினார்கள். அவர் வாழ்க்கையில் வேறு துயரங்களும் இருந்தன என்று அன்றைய செய்திகளிலேயே இருக்கிறது. அதனால் நான் கோர்க்கப் போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஆயிரக்கணக்கான சர்வர்களின் சாவி ஒரு சின்னக் கம்பெனியின் நிரலில் இருந்தது. அதில் ஓட்டை என்றால் அதை அடைக்க அங்கே இருந்த ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கீழே கெர்னல் ரெட்ஹேட்டுடையது, தையல் ஓபன்விஇசட்டுடையது, கட்டிக் கொடுத்தது சென்ட்ஓஎஸ் தன்னார்வலர்கள், விற்றது லண்டனோ லாஸ் ஏஞ்சல்ஸோ. மாசம் சில டாலர் கொடுத்தவர் யாரைப் போய்க் கேட்பார்? எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தவர்கள்தான். யாருடனும் அவருக்கு முழு ஒப்பந்தம் இல்லை. பின்னாளில் ஹைப்பர்விஎம்மின் மூல நிரல் வெளியிடப்பட்டது, அதை நம்பியிருந்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தப் பக்கம் இப்படி என்றால், காகிதம் வைத்திருந்த பக்கம் என்ன நடந்தது? போட்டி நடந்தது. 2006 ஜூலையில் நோவெல் தன் சூசே எண்டர்பிரைஸ் 10ல் ஜென்னைச் சேர்த்து, "இதற்கும் நாங்கள் பொறுப்பு" என்று முதலில் சொல்லிவிட்டது. ஜென் இன்னும் தயாராகவில்லை என்பது அப்போது ரெட்ஹேட் தரப்பின் பேச்சு. எட்டு மாதம் கழித்து ஆர்.எச்.இ.எல். 5ல் அவர்களும் ஜென் கெர்னலைத் தந்தார்கள். சாதாரணச் சந்தாவுக்கு ஒரு மெஷினில் 4 விருந்தினர் சர்வர் வரை, அதற்கு மேல் வேண்டுமானால் விலை கூடிய சந்தா. கெர்னலை மாற்றவேண்டிய அவசியத்தையே ஒரு ரேட் கார்டாக்கிவிட்டார்கள். வியாபாரம் என்றால் இது!

ஆனால் ரெட்ஹேட்டுக்கே ஜென் தலைவலிதான். கெர்னல் இரண்டு வகை, சாதாரணம் ஒன்று, ஜென் ஒன்று. ஜென்னின் மாற்றங்களோ லினஸ் டோர்வால்ட்ஸ் பராமரிக்கும் மூலக் கெர்னலுக்குள் முழுசாகப் போய்ச் சேரவில்லை. வெளியே இருக்கும் தையலை ஒவ்வொரு முறையும் தானே தைக்க வேண்டும். சாவா மூவா ஆட்டுக்கு இரண்டு மந்தை வைத்துப் பராமரிப்பது எந்த இடையருக்கும் கட்டாது.

அந்த நேரத்தில் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, இன்டெல் 2005 கடைசியிலும் ஏஎம்டி 2006லும் பிராசஸருக்குள்ளேயே மெய்நிகராக்கத்துக்கு வசதி வைத்தன. நழுவும் 17 கட்டளைகள் பிரச்சினை வன்பொருளிலேயே தீர்ந்தது. இரண்டு, இஸ்ரேலில் கும்ரானெட் என்ற சின்னக் கம்பெனியில் ஆவி கிவிட்டி என்பவர் அந்த வசதியைப் பயன்படுத்தும் சின்ன நிரல் ஒன்றை 2006 அக்டோபரில் வெளியிட்டார். பெயர் கேவிஎம். தனிக் கெர்னல் வேண்டாம், இருக்கிற கெர்னலில் ஒரு மாட்யூல் ஏற்றினால் போதும். 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20ல் அது மூலக் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. ஜென் பல வருஷம் வாசலில் நின்ற வீட்டுக்குள் கேவிஎம் சில மாதத்தில் நுழைந்தது. 2008 செப்டம்பரில் ரெட்ஹேட் கும்ரானெட்டை 107 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2010 நவம்பரில் வந்த ஆர்.எச்.இ.எல். 6ல், ஜென்னை ஏற்றி நடத்தும் வசதி காணாமல் போனது.

அறைகள் பக்கத்திலும் இதேதான் நடந்தது. இங்கே நம் ஆட்கள் வருகிறார்கள். மெமரி கணக்கைத் தையலாக வைக்காமல் மூலக் கெர்னலுக்குள் கொண்டுபோக வேண்டும் என்று 2006, 2007ல் பெரிய விவாதம் ஓடியது. கூகுள் ஆட்கள் சிகுரூப் என்ற சட்டகத்தைக் கொடுத்தார்கள். அதன் மேல் மெமரிக் கணக்கை எழுதியவர்களில் முக்கியமானவர் ஐ.பி.எம். இந்தியாவின் பல்பீர் சிங். கூட வேலை செய்தவர் ஓபன்விஇசட்டின் பாவெல் எமெலியானோவ். பிராசஸர் நேரத்தைக் குழுக்களுக்குப் பங்கு போடும் பகுதியில் ஐ.பி.எம். இந்தியாவின் ஸ்ரீவத்ஸ வட்டகிரி. மெமரிக் கணக்கு 2008 ஏப்ரலில் 2.6.25ல் வெளிவந்தது. இன்றைக்கு டாக்கர், குபர்நெட்டிஸ் என்று கேட்கிறோமே, அவை லினக்ஸில் மெமரிக்கு வரம்பு வைப்பது இந்தக் கணக்கின் வழியாகத்தான். பெங்களூரில் ஒரு பக்கம் எல்எக்ஸ்லேப்ஸ் தனித் தையலை நம்பிக் கடை நடத்திக்கொண்டிருந்த அதே வருஷங்களில், ஐ.பி.எம். இந்தியாவின் ஆட்கள் அந்தத் தையலே தேவைப்படாதபடி மூலத் துணியை நெய்துகொண்டிருந்தார்கள்.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டு அறைகள் ஒரே மெமரிப் பக்கத்தைப் பகிர்ந்துகொண்டால் செலவு யார் கணக்கில்? முதலில் தொட்டவர் கணக்கில், முழுத் தொகையும்! பொதுச் செலவைப் பிரித்துப் போடும் அப்போர்ஷன்மென்ட் எல்லாம் கிடையாது. நம்ம பேராசிரியர் இதற்கு மார்க் போட மாட்டார். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் யார் யார் தொட்டார்கள் என்று கணக்கு வைத்தால் கணக்குக்கே மெமரி போய்விடும். அப்படியும் சும்மா இல்லை. ஆர்.எச்.இ.எல். 6ல் 4096 பைட் உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் 40 பைட் இந்தக் கணக்குக்காகப் போனது. கிட்டத்தட்ட 1 சதவீதம். நீங்கள் அறையே கட்டாவிட்டாலும், பூட் ஆகும்போது வேண்டாம் என்று சொல்லாத வரை, அது போகும். ஒரு வசதி தனித் தையலாக இருந்தால் வேண்டியவர் மட்டும் செலவு செய்வார். மூலத்துக்குள் வந்தால் எல்லோரும் கொஞ்சம் கட்டுவோம். இந்த 1 சதவீதம்தான் 'ஆதரவு உண்டு' என்ற வார்த்தையின் நிஜ விலை என்பது என் கருத்து. விலை மலிவு.

ஜென்னை நம்பியிருந்தவர்கள் கதி? மூலக் கெர்னல் ஜென் மேலாண்மை வசதியைக் கடைசியில் 2011 ஜூலையில், 3.0ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ரெட்ஹேட் அதற்குள் போய்விட்டது. அதனால் 2013ல் சிட்ரிக்ஸ், ராக்ஸ்பேஸ், கோடாடி போன்றவர்கள் பின்னால் நிற்க, சென்ட்ஓஎஸ் 6க்கென்று தனியாக 3.4 கெர்னலோடு ஜென்ஃபோர்சென்ட்ஓஎஸ் வந்தது. மறுபடி தனிக் கெர்னல்! ஆனால் இந்தமுறை ஒரே ஆளின் தோளில் இல்லை, செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அமேசான் கதையும் சுவாரசியம். 2006ல் ஈசி2 தொடங்கியபோது ஜென் மேல்தான் ஓடியது. வாடிக்கையாளர் என்ன சாப்ட்வேர் வேண்டுமானாலும் போடலாம், கெர்னல் மட்டும் அமேசான் தருவதிலிருந்துதான். தன் சொந்தக் கெர்னலைப் பூட் செய்ய 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓபன்விஇசட்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். 2.6.32ஐ விட்டு நகர முடியாமல் வருஷக்கணக்கில் நின்றார்கள். உள்ளே ஓடும் புதிய லினக்ஸ் வகைகள் "கெர்னல் மிகப் பழையது" என்று சொல்லிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தன. அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? அறைக்குள்ளிருந்து கெர்னலின் எண் என்ன என்று கேட்டால் உண்மையைவிடப் பெரிய எண்ணைச் சொல்ல ஒரு வசதி வைத்தார்கள். ரெட்ஹேட் ஆடு வயது ஏறாதது போல் காட்டியது, ஓபன்விஇசட் ஆடு வயதைக் கூட்டிச் சொன்னது :-) புரோகிராம் எதிர்பார்க்கும் வசதி நிஜமாகவே உள்ளே இல்லாவிட்டால் இந்தப் பொய் ரொம்ப நாள் தாங்காது.

இடையில் ரெட்ஹேட்டும் சும்மா இருக்கவில்லை. தன் மூல நிரலை எடுத்து ஆரக்கிள் மலிவாக ஆதரவு விற்றது அவர்களுக்கு உறுத்தியது. ஆர்.எச்.இ.எல். 6ல் கெர்னல் திருத்தங்களைத் தனித்தனியாகத் தராமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த ஒரே மூட்டையாகத் தர ஆரம்பித்தார்கள். 2011ல் இது பெரிய சண்டையானது. உரிமத்தை மீறவில்லை. ஆனால் எந்த ஆட்டை எப்போது மாற்றினோம் என்ற பேரேட்டை மட்டும் மறைத்துவிட்டார்கள். தனிக் கெர்னல் தைப்பவர்களுக்கு அந்தப் பேரேடுதான் முக்கியம்.

அதன்பிறகு நடந்தவை வேகமாக. 2014ல் சென்ட்ஓஎஸ் ரெட்ஹேட்டின் கீழ் வந்தது. 2019ல் ரெட்ஹேட்டையே 34 பில்லியன் டாலருக்கு ஐ.பி.எம். வாங்கி முடித்தது. 2029 வரை ஓடும் என்று நம்பிய சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பரோடு முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2023 ஜூனில் ஆர்.எச்.இ.எல். மூல நிரலைப் பொதுவில் தருவதும் நின்றது, சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமில் வருவது மட்டும்தான் பொதுவில். 2024 ஜூன் 30ல் சென்ட்ஓஎஸ் 7ம் முடிந்தது. அதன் கெர்னல் 3.10 என்ற எண்ணோடு பத்து வருஷம் நின்றது.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, ஒருமுறை வாங்கினால் என்றைக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பதை அடுத்த மாதமே நிறுத்தியது. இனி சந்தா மட்டும். செலவு தாங்காத பலர் மாற்று தேடியபோது அடிக்கடி அடிபட்ட பெயர் பிராக்ஸ்மாக்ஸ், வியன்னாவில் இருக்கும் கம்பெனி. 2008ல் அது தொடங்கியபோது கேவிஎம்மும் ஓபன்விஇசட்டும் இரண்டும் உள்ளே இருந்தன. சில வருஷம் டெபியன் லினக்ஸ் மேல் ரெட்ஹேட்டிலிருந்து வந்த ஓபன்விஇசட் கெர்னலை ஓட்டினார்கள், கேட்டாலே சம்பந்தி சண்டை மாதிரி இருக்கிறது. 2015ல் 4.0 பதிப்போடு அதை விட்டுவிட்டார்கள். இப்போது அடியில் டெபியன், அதன் மேல் உபுண்டுவிலிருந்து எடுத்துத் தாங்களே மாற்றிய கெர்னல். சாப்ட்வேர் இலவசம். ஏ.எம்.சி. வேண்டுமானால் பிராசஸர் சாக்கெட்டுக்கு இவ்வளவு என்று வருஷச் சந்தா.